வெங்கர் எந்தத் தேதியில் போயிருக்கணும்? ஹைபரி தெருக்களில் ஒரு நடை

லண்டனின் ஆர்சனல் கால்பந்து கிளப்புக்கு ரசிகர்களாக இருப்பவர்கள் லண்டன் போனால், அதன் இப்போதைய மைதானமான எமிரேட்ஸ் ஸ்டேடியத்தைச் சுற்றிப் பார்ப்பார்கள், ஜெர்சி ஒன்று வாங்குவார்கள், வாசலில் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். நானும் அதையெல்லாம் செய்தேன், ரொம்பப் பிடித்திருந்தது. ஆனால் அக்கா வீட்டில் தங்கியிருந்தபோது மாமா கூட்டிக்கொண்டு போன இந்த நடைப்பயணம் இருக்கிறதே, அதைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. ஆர்சனல் பழைய ஹைபரி மைதானத்தில் ஆடிய காலத்திலிருந்து சீசன் டிக்கெட் வைத்திருக்கும் ஒரு பெரியவர் தனி ஆளாக நடத்துகிறார். தெரிந்தவர்கள் சொல்லி வருகிறவர்களே போதும், விளம்பரம் வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டதால் பெயர் போடவில்லை. ஆர்சனல் டியூப் ஸ்டேஷன் வாசலில் தொடங்கி, ஹைபரி மைதானம் இருந்த தெரு வழியாகப் போய், எமிரேட்ஸுக்கு வெளியே நிற்கும் வெங்கர் சிலையில் முடிகிறது. 1996லிருந்து 2018 வரை ஆர்சனல் அணியை நடத்திய மேனேஜர் அவர். 2 மணி நேரம், ஆளுக்கு 15 பவுண்டு, ஒரு தடவைக்கு 12 பேர்தான்.

மொத்த நடையும், அவருடைய கடைசி வருஷங்களில் ரசிகர்களை இரண்டாகப் பிரித்த ஒரே கேள்வியைச் சுற்றி. ஆர்சென் வெங்கர் எப்போது போயிருக்க வேண்டும்?

ஸ்டேஷன் வாசலிலேயே ஆளுக்கு ஒரு வெள்ளை அட்டையும் ஒரு பென்சிலும் தருகிறார். வெங்கர் பதவியை விட்டிருக்க வேண்டிய தேதி எதுவென்று நினைக்கிறோமோ அதை எழுதி, பக்கத்தில் இருப்பவருக்குக் காட்டாமல் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். வழியில் மனசு மாறினால் அடித்துவிட்டு வேறு எழுதலாம், அதற்காகத்தான் பென்சில். கடைசியில் சிலைக்கு முன்னால் ஒவ்வொருவராகப் படிக்க வேண்டும். நான் யோசிக்கவே இல்லை, 2017 மே 27 என்று எழுதிவிட்டேன். மாமா கொஞ்ச நேரம் அட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மாமாவைப் பற்றிச் சொன்னால்தான் இது புரியும். 1999ல் வேலைக்காக லண்டன் வந்தவர், ஹைபரியில் டிக்கெட் கிடைப்பது குதிரைக்கொம்பு என்பதால் வருஷக்கணக்காகக் காத்திருப்புப் பட்டியலில் இருந்து, புது ஸ்டேடியம் திறந்த பிறகுதான் சொந்தமாக ஒரு சீட் வாங்கினார். நான் திருச்சியில் கல்லூரிப் பையனாக 2003–04 சீசனை டிவியில் பார்த்து ஆர்சனல் பைத்தியமானவன். 38 லீக் மேட்ச், 26 வெற்றி, 12 டிரா, ஒன்றில்கூடத் தோற்கவில்லை. அந்த வருஷம் முழுக்க எங்கள் இரண்டு பேருக்கும் போனில் வேறு பேச்சே கிடையாது. அதே நாங்கள் 2016, 2017ல் வெங்கர் விஷயத்தில் கிட்டத்தட்டப் பேச்சை நிறுத்திக்கொண்டோம். நான் "போகணும்" கட்சி. மாமா "இருக்கணும்" கட்சி, அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அக்காதான் நடுவில் மாட்டிக்கொண்டாள்.

சரி, நடைக்கு வருகிறேன். ஸ்டேஷன் பிளாட்பாரச் சுவரில் இன்னமும் "கில்லெஸ்பி ரோடு" என்று பழைய பெயர் ஓடுகளில் பதித்திருக்கிறது. 1932ல் இந்த ஸ்டேஷனுக்குக் கிளப்பின் பெயரை வாங்கிக் கொடுத்தவர் ஹெர்பர்ட் சாப்மன், அவரும் மேனேஜர்தான். பெரியவர் இங்கே ஆரம்பிப்பதற்குக் காரணம் இருக்கிறது: ஒரு தனி மேனேஜர் நினைத்தால் ஊரின் வரைபடத்தையே மாற்ற முடிகிற கிளப் இது, அதனால்தான் இங்கே மேனேஜர் போவதும் இருப்பதும் குடும்பச் சண்டை மாதிரி ஆகிவிடுகிறது என்கிறார். சாப்மன் 1934 ஜனவரியில் பதவியில் இருக்கும்போதே இறந்துபோனார், அவர் எப்போது போக வேண்டும் என்று யாரும் வாதாட வேண்டி வரவில்லை. இதை அவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டு நடக்க ஆரம்பித்தார், எனக்கு ரொம்ப நேரம் மனசில் ஓடிக்கொண்டே இருந்தது.

அடுத்தது அவெனெல் ரோடு. இரண்டு பக்கமும் சாதாரண வீடுகள், நடுவில் திடீரென்று 1936ல் கட்டிய கிழக்கு ஸ்டாண்டின் வெள்ளை முகப்பு. உள்ளே இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பு, பந்து உருண்ட இடம் தோட்டம். முகப்பை இடிக்கக்கூடாது என்று சட்டப் பாதுகாப்பு இருப்பதால் அப்படியே நிற்கிறது. ஒரு பெண் காய்கறிப் பையோடு அந்த வாசல் வழியாக வீட்டுக்குப் போனார். இந்தப் பகுதியில் அவர் சொன்னதெல்லாம் ரசிகர்களுக்குத் தெரிந்ததே: 1996ல் ஜப்பானின் நகோயா அணியிலிருந்து வந்தது, யார் இவர் என்று லண்டன் பத்திரிகைகள் கேட்டது, சாக்லேட்டை நிறுத்தியதும் வீரர்கள் பஸ்ஸில் மார்ஸ் வேண்டும் என்று கோஷம் போட்டது, 1998லும் 2002லும் லீக் பட்டமும் எஃப்ஏ கப் என்ற நாக்-அவுட் கோப்பையும் சேர்த்து வாங்கியது. ஒன்று மட்டும் நன்றாகச் சொன்னார். அனெல்கா என்ற இளம் ஆட்டக்காரரை 5 லட்சம் பவுண்டுக்கு வாங்கி, இரண்டே வருஷத்தில் ரியல் மாட்ரிட்டுக்கு 2 கோடியே 20 லட்சத்துக்கு மேல் விற்று, அந்தப் பணம் லண்டன் கோல்னி பயிற்சி மைதானத்துக்கு உதவியது. மேனேஜர் என்றால் டீம் போடுகிறவர் மட்டும் என்று நினைத்திருந்தவர்களுக்கு, வெங்கர் கிளப்பின் கணக்குப்பிள்ளையாகவும் கட்டட மேஸ்திரியாகவும் ஆகிப்போன கதை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

அங்கிருந்து எமிரேட்ஸுக்கு நடக்கும் தூரம் குறைவு, ஆனால் இந்தப் பயணத்தின் உயிர் அந்தக் கொஞ்ச தூரத்தில்தான். 2017 மார்ச் 7ம் தேதி, ஐரோப்பாவின் பெரிய கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீகில் பயர்ன் மியூனிக்கோடு இரண்டாவது ஆட்டத்துக்கு முன்னால், வெங்கர் போகணும் என்று சில நூறு ரசிகர்கள் பழைய மைதானத்திலிருந்து புது மைதானத்துக்கு ஊர்வலமாகப் போனார்களே, அதே வழியில்தான் பெரியவர் நம்மையும் கூட்டிக்கொண்டு போகிறார். போகும்போது முதலில் சொல்வது கடன் கதை. ஹைபரியில் 38,000 பேர்தான் உட்கார முடியும். புது ஸ்டேடியத்தில் 60,000. செலவு சுமார் 39 கோடி பவுண்டு. கடன் கொடுத்த வங்கிகள் வெங்கர் இன்னும் 5 வருஷம் இருப்பேன் என்று கையெழுத்துப் போட வேண்டும் என்று எதிர்பார்த்தன, இதை வெங்கரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அப்புறம் நடந்தது நமக்குத் தெரியும். நல்ல ஆட்டக்காரர்களில் ஆஷ்லி கோல் போனார், ஆன்ரி போனார், 2011ல் ஃபாப்ரிகாஸும் நஸ்ரியும், 2012ல் கேப்டன் வான் பெர்சி போயும் போயும் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு. 2005 எஃப்ஏ கப்புக்கும் 2014 எஃப்ஏ கப்புக்கும் நடுவில் 9 வருஷம் கோப்பை கிடையாது, ஆனாலும் ஒரு சீசன்கூட, சாம்பியன்ஸ் லீகுக்கு வழி தரும் முதல் நான்கு இடத்தை விட்டு இறங்கவில்லை. அந்தப் பக்கம் 2003லிருந்து செல்சியில் ரஷ்யக் கோடீஸ்வரர் அப்ரமோவிச்சின் பணம், 2008லிருந்து மான்செஸ்டர் சிட்டியில் அபுதாபி பணம்.

இந்த இடத்தில் மாமா முதல் தடவையாக வாய் திறந்தார். "என் சீட்டே அந்தாள் கட்டின கடன்ல வந்ததுதான்" என்று தமிழில் எனக்கு மட்டும் சொன்னார். நான் ஒன்றும் சொல்லவில்லை. 22 வயதுப் பையனாக இருந்தபோது இதெல்லாம் எனக்குப் புரியவே இல்லை, ஒவ்வொரு ஆகஸ்டிலும் நல்ல ஆட்டக்காரனை விற்கிறாரே என்ற கோபம்தான் இருந்தது.

ரயில் பாதைக்கு மேலே இருக்கும் பாலத்தில் நிறுத்தி, 20 நிமிஷம் விவாதத்துக்கு விட்டுவிடுகிறார். இடையில் பேசுவதே இல்லை, யாராவது தப்பான வருஷம் சொன்னால் மட்டும் திருத்துகிறார். எங்கள் கூட்டத்தில் அப்பாவும் மகளுமாக இரண்டு பேர், லாகோஸிலிருந்து வந்திருந்த ஒருவர், 1971 இறுதிப் போட்டியை வெம்ப்ளியில் நேரில் பார்த்த ஒரு பாட்டி, இப்படிக் கலவை. லாகோஸ்காரர் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டார். சாம்பியன்ஸ் லீகில் 2011லிருந்து 2017 வரை தொடர்ந்து 7 வருஷம் கடைசி 16 அணிகள் சுற்றிலேயே வெளியே போனது, மான்செஸ்டர் யுனைடெட்டின் ஓல்டு டிராஃபர்டில் 8–2 தோல்வி, வெங்கரின் 1,000வது மேட்சிலேயே செல்சியிடம் 6–0, பயர்னிடம் இரண்டு ஆட்டமும் சேர்த்து 10–2. எல்லாவற்றையும்விட அவருக்கு ஆறாதது 2016. செல்சி, சிட்டி, யுனைடெட், லிவர்பூல் எல்லாரும் ஒரே நேரத்தில் தடுமாறிய ஒரே வருஷம், பெரிய பணம் இல்லாத லெஸ்டரை ஆர்சனல் இரண்டு தடவையும் ஜெயித்தது, அப்படியும் லெஸ்டர் 10 புள்ளி முன்னால் போய்ப் பட்டம் வாங்கியது. பணம் இல்லை, கடன் இருக்கிறது என்று சொன்ன காரணமெல்லாம் அன்றைக்கே முடிந்துபோய்விட்டது என்றார். எனக்கும் அதுதான் தோன்றும். அதுவரை வெங்கர் தோற்றதற்கு எதிராளியின் பணத்தைக் காட்டலாம், லெஸ்டருக்கு என்ன காட்டுவது?

பாட்டி எதிர்க்கட்சி. மான்செஸ்டர் யுனைடெட் மேனேஜர் ஃபெர்குசன் 2013ல் பட்டத்தோடு போனார், அடுத்த சீசனிலேயே யுனைடெட் 7வது இடத்துக்கு வந்ததைப் பார்த்தோமே, நமக்கும் அப்படி ஆகும் என்று பயந்தேன், அந்தப் பயம் நியாயமானதுதானே என்று கேட்டார். அப்புறம் ஒன்று சொன்னார், அதுதான் எல்லாரையும் அமைதியாக்கியது. 2014 டிசம்பரில் ஸ்டோக்கில் தோற்றுவிட்டு ரயில் ஏற வந்த வெங்கரைப் பிளாட்பாரத்தில் நின்று நம் ஆட்களே திட்டினார்களே, அந்த வீடியோவைப் பார்த்த அன்றைக்கு, இந்தக் கூட்டத்தோடு சேர்ந்து நான் எதையும் கேட்க மாட்டேன் என்று முடிவு பண்ணிவிட்டேன் என்றார். 65 வயது மனிதர், கையில் பையோடு, கதவு திறக்கும்வரை நிற்கிறார். நானும் அந்த வீடியோவைப் பார்த்தவன்தான். பார்த்துவிட்டு அன்று நண்பர்கள் குழுவில் நான் எழுதியது இப்போது நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. போகணும் என்று சொன்னது தப்பென்று இன்றும் நினைக்கவில்லை, சொன்ன விதம் தப்பு.

அந்த மகள், 16 வயது இருக்கும், ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: அவரிடம் போய்ச் சொல்ல வேண்டியது யார்? பெரியவர் முகம் மலர்ந்துவிட்டது, இதற்காகத்தான் காத்திருந்தார் போல. வெங்கரைக் கிளப்புக்குக் கொண்டுவந்த டேவிட் டீன் 2007 ஏப்ரலில் வெளியேறிவிட்டார். அதற்கப்புறம் கால்பந்து தெரிந்து, வெங்கருக்குச் சமமாக உட்கார்ந்து, "ஆர்சென், போதும்" என்று சொல்லக்கூடிய ஆள் கிளப்பில் யாரும் இருந்ததாகத் தெரியவில்லை. கட்டடம், வரவுசெலவு, சாப்பாடு, ஆட்டக்காரர் விலை எல்லாமே ஒருவர் தலையில். போகலாமா வேண்டாமா என்ற முடிவும் அவர் தலையிலேயே விழுந்தது. அந்த வேலையை ரசிகர்கள் கையில் எடுத்துக்கொண்டோம், நமக்குத் தெரிந்த வழி அட்டை பிடிப்பதும் கத்துவதும்தான். 2016 ஏப்ரலில் நார்விச் மேட்சில் மாற்றம் வேண்டும் என்று ஒரு பகுதி அட்டை தூக்க, மறு பகுதி வெங்கர் பெயரைப் பாட, ஒரே ஸ்டேடியத்தில் இரண்டு ஊர் மாதிரி இருந்தது. 2017 மார்ச்சில் வெஸ்ட் பிராம் மைதானத்துக்கு மேலே வாசகத் துணி கட்டிய இரண்டு விமானம் பறந்தது, ஒன்று போகச் சொல்லி, இன்னொன்று இருக்கச் சொல்லி. கீழே ஆர்சனல் 3–1 தோற்றது. இந்த விவாதத்தைப் பற்றி எத்தனையோ கட்டுரை படித்திருக்கிறேன், பாட்காஸ்ட் கேட்டிருக்கிறேன், யார் சொல்லியிருக்க வேண்டும் என்ற இந்தக் கேள்வியை இவ்வளவு தெளிவாக வேறெங்கும் கேட்டதில்லை. 15 பவுண்டு இதற்கே கொடுக்கலாம்.

குறைகளும் உண்டு. பாலத்தில் ரயில் போகும்போது ஒன்றுமே காதில் விழாது, மைக் வைத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார். இங்கிலீஷ் வேகமாகப் பேசுகிறார், லண்டன் பேச்சு பழகாதவர்கள் முன்னாலேயே நிற்பது நல்லது, மாமா எனக்கு இரண்டு மூன்று இடத்தில் திருப்பிச் சொல்ல வேண்டியிருந்தது. வழியில் கழிப்பறைக்கு நிற்பதில்லை. 2017 மே முதல் 2018 மே வரையிலான கடைசி வருஷத்தை அவசரமாக முடித்துவிடுகிறார், எனக்கு அது பெரிய ஏமாற்றம், ஏனென்றால் என் அட்டையில் இருந்த தேதியே அதுதான். 2017 மே 27 அன்றைக்கு லீக் சாம்பியன் செல்சியை 2–1 என்று ஜெயித்து வெங்கர் தன் 7வது எஃப்ஏ கப்பை வாங்கினார், வேறெந்த மேனேஜரும் அத்தனை வாங்கியதில்லை. லீகில் 5வது இடம், 20 வருஷத்தில் முதல் தடவையாக சாம்பியன்ஸ் லீக் கிடையாது. கையில் கோப்பை, பின்னால் ஒரு முடிந்துபோன காலம். அந்த வெம்ப்ளிப் படிக்கட்டில் இறங்கி வரும்போதே சொல்லியிருந்தால் லண்டனே அழுதிருக்கும். 4 நாள் கழித்து இன்னும் 2 வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டார். அடுத்த மார்ச்சில், பனி கொட்டிய ராத்திரி, சிட்டி 3–0 என்று அடித்துவிட்டுப் போனபோது டிவியில் தெரிந்ததெல்லாம் காலி நாற்காலிகள். கத்தியவர்கள்கூட வராமல் போன அந்தக் காலி நாற்காலிகள்தான் கடைசியில் முடிவு செய்தன என்பது என் எண்ணம். அதைப் பற்றி அவர் 5 நிமிஷமாவது பேசியிருக்கலாம்.

சிலை 2023 ஜூலையில் வைத்தது. வடக்கு ஸ்டாண்டுக்கு வெளியே, வெண்கலத்தில், லீக் கோப்பையை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கியபடி. அங்கே நின்று அட்டைகளைப் படித்தோம். லாகோஸ்காரர் 2016 மே. அப்பா 2006 மே 17, பாரிஸில் பார்சிலோனாவிடம் சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டியில் தோற்ற நாள், ஏன் அவ்வளவு சீக்கிரம் என்று கேட்டதற்கு அதற்கப்புறம் அவர் பட்ட கஷ்டத்தை அவர் படாமல் இருந்திருக்கலாம் என்றார். பாட்டி 2018 மே 13, அதாவது அவர் போன அன்றே சரியாம். மகள் ஒன்றும் எழுதாமல் வைத்திருந்தாள். நான் படித்தேன். கடைசியில் மாமா.

அவர் அட்டையில் 2014 மே 17.

எனக்கு நம்பவே முடியவில்லை. ஹல் சிட்டியோடு 2–0 பின்தங்கி, 3–2 என்று ஜெயித்து 9 வருஷப் பஞ்சம் தீர்ந்த எஃப்ஏ கப் இறுதி. நான் சொன்ன தேதிக்கும் 3 வருஷம் முன்னால்! மாமா இங்கிலீஷில் எல்லாருக்கும் சுருக்கமாகச் சொன்னார்: கடனின் கஷ்டமான வருஷங்கள் முடிந்துவிட்டன, கோப்பையும் வந்துவிட்டது, அன்றைக்குப் போயிருந்தால் ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்க முடியாது. அப்புறம் என்னைப் பார்த்துத் தமிழில், "நீ எல்லாம் அவரைத் திட்டினப்ப நான் எப்படிடா உன் பக்கம் பேசுவேன்?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. 3 வருஷம் நாங்கள் போனில் சண்டை போட்டது ஏறக்குறைய ஒரே கருத்துக்காக என்று அந்தச் சிலைக்கு முன்னால்தான் எனக்குத் தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் பீரோவிலிருந்து ஒரு சிவப்பு டி-ஷர்ட்டை எடுத்துக் காட்டினார். 2018 மே 6, எமிரேட்ஸில் வெங்கரின் கடைசி மேட்ச், பர்ன்லியை 5–0 என்று ஜெயித்த அன்று ஒவ்வொரு சீட்டிலும் வைத்திருந்தது, "மெர்சி ஆர்சென்" (பிரெஞ்சில் "நன்றி ஆர்சென்") என்று எழுதியது. 8 மாதமாகக் காலியாகக் கிடந்த சீட்டெல்லாம் அன்றைக்கு நிரம்பியிருந்தது என்றார். மடிப்புக் கலையாமல், ஒரு தடவைகூடப் போடாமல் வைத்திருக்கிறார். அன்று மைக்கைப் பிடித்த வெங்கர் முதலில் தன்னைப் பற்றிப் பேசவில்லை, முந்தின நாள் மூளையில் ரத்தக்கசிவோடு மருத்துவமனையில் சேர்ந்த ஃபெர்குசன் குணமாக வேண்டும் என்று வாழ்த்தினார். ஜென்மப் பகையாளியாக இருந்தவருக்கு.

போக நினைப்பவர்களுக்கு: ஆர்சனலுக்கு லண்டனில் மேட்ச் இல்லாத ஞாயிற்றுக்கிழமையாகப் பாருங்கள், மேட்ச் அன்று அந்தத் தெருக்களில் நின்று பேச முடியாது, அவரும் நடத்துவதில்லை. பிக்கடிலி லைனில் ஆர்சனல் ஸ்டேஷனில் இறங்கினால் வெளியே வரும் சாய்வுப் பாதை நீளம், வயதானவர்கள் கூட வந்தால் 10 நிமிஷம் முன்னாடியே வந்துவிடுங்கள். மழைக்கு ஒதுங்க இடம் கிடையாது. முடிந்தால் 2017ல் யாரோடு சண்டை போட்டீர்களோ அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், அட்டையைச் சிலை வரும்வரை காட்டாதீர்கள்.